‘நான்’ என்று சொல்ல வேண்டிய வேலை

மையத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்குச் சேவை மனப்பான்மை பற்றி நாலு வார்த்தை சொல்லுங்கள் என்று என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அதைப் பற்றி நான் பேசப் போவதில்லை. அந்த இரண்டு சொற்களையும் சேர்த்துக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் கோபம் தலைக்கேறுகிறது. ஓய்வு பெற்று இத்தனை காலமாகியும் அது தணியவில்லை. தணியக்கூடாது என்றுதான் நினைக்கிறேன்.

உங்களுக்கு நான் கலாவைப் பற்றிச் சொல்கிறேன்.

தொண்ணூறுகளில் மைசூரில் பெண்களுக்கான இந்த உதவி மையத்தில் நான் வேலை பார்த்தேன். அப்பா பஞ்சாலை வேலைக்காகச் சேலம் பக்கத்திலிருந்து வந்தவர். நான் பிறந்து வளர்ந்ததெல்லாம் மைசூரில். வீட்டில் தமிழ், பள்ளியிலும் தெருவிலும் கன்னடம். அந்த இரண்டு மொழிதான் எனக்குச் சோறு போட்டது. ஊர் நாலா பக்கமும் விரிந்துகொண்டிருந்த சமயம். புதுப்புது லேஅவுட்களில் வீடு கட்டத் தர்மபுரியிலிருந்தும் சேலத்திலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்து, கட்டடத்தின் பக்கத்திலேயே தகர ஷெட் போட்டுத் தங்கியிருந்தார்கள். அந்தப் பெண்களுக்கு ஏதாவது நடந்தால் சொல்லி அழக்கூட மொழி கிடையாது. போலீஸ்காரருக்கு இவர்கள் பேசுவது புரியாது, டாக்டருக்கும் புரியாது. அப்போது எங்கள் மையத்துக்கு ஆள் வரும். நானோ கலாவோ போவோம்.

கலா மார்டள்ளிக்காரி. அது தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி, கர்நாடகத்துக்குள் தமிழ் பேசுகிற ஊர். விவசாயக் குடும்பம். கல்யாணமாகி மைசூருக்கு வந்தவள். கணவர் முருகேசன் கட்டடங்களுக்குக் கம்பி கட்டும் வேலை செய்தார். ஒரு மகள், பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். கலா வாயைத் திறந்தால் வாக்கியத்துக்கு ஒரு ‘ங்க’ வரும். ஷெட்டில் இருக்கும் பெண்களுக்கு அந்தப் பேச்சே பாதி மருந்து. என்னிடம் அவர்கள் பதில் சொல்வார்கள். கலாவிடம் மனதைத் திறந்து பேசுவார்கள். வித்தியாசம் உங்களுக்குப் புரியும். அதனாலேயே ஆஸ்பத்திரி வேலை மெல்ல மெல்ல முழுக்க அவள் தலையில் வந்து விழுந்தது.

ஆஸ்பத்திரி என்றால் தீக்காய வார்டு. உடம்பு வெந்து வரும் பெண்ணிடம் அவள் நினைவோடு இருக்கும்போதே தாசில்தார் வந்து வாக்குமூலம் வாங்க வேண்டும். அவர் கன்னடத்தில் கேட்பார். கலா தமிழில் கேட்பாள். அந்தப் பெண் சொல்வதைக் கலா கன்னடத்தில் சொல்ல, அவர் எழுதிக்கொள்வார். ‘அவள் சொல்கிறாள், அவளை இப்படிச் செய்தார்களாம்’ என்று சொல்லக்கூடாது. அந்தப் பெண் ‘நான்’ என்றால் இவளும் ‘நான்’ என்றுதான் சொல்ல வேண்டும். ‘என் மேல் ஊற்றினார்கள். நான் கத்தினேன். யாரும் வரவில்லை.’ சொல் மாறாமல், ஆள் மாறாமல். சட்டத்துக்கு அது நல்லது. இன்றைக்கு ஒரு பெண், நாளைக்கு இன்னொரு பெண் என்று வருஷக்கணக்கில் இதையே சொல்லிக்கொண்டிருக்கும் வாய்க்கு அது என்ன செய்யும் என்று அன்றைக்கு யாரும் யோசிக்கவில்லை.

அதோடு விட்டார்களா? எங்கள் மையத்தின் தலைவர் ஓய்வு பெற்ற கல்லூரிப் பேராசிரியர். நாங்கள் ஸார் என்போம். கன்னடக்காரர், நல்ல மனிதர். கதர்ச் சட்டை, மெல்லிய குரல், கடுஞ்சொல் சொல்லி யாரும் கேட்டதில்லை. மையத்தைப் பார்க்க வெளியூரிலிருந்து அடிக்கடி பார்வையாளர்கள் வருவார்கள். வந்தவுடன் ஸார் கலாவைக் கூப்பிடுவார். “அந்தப் பெண் சொன்னதை அப்படியே சொல்லும்மா, நீ சொன்னால்தான் அவர்களுக்குப் புரியும்” என்பார். கலா நடு அறையில் நின்று, இறந்துபோன ஒருத்தியின் கடைசிப் பேச்சை ‘நான்’ போட்டுச் சொல்வாள். ஸார் ஆங்கிலத்தில் மாற்றுவார். வந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். அப்புறம் டீயும் பிஸ்கட்டும் வரும். கலா டம்ளர்களை எடுத்துப்போய்க் கழுவி வைத்துவிட்டு வார்டுக்குக் கிளம்புவாள்.

“நீ ஏன் சொல்றே? முடியாதுன்னு சொல்லு” என்று ஒருமுறை கேட்டேன்.

“ஸார் கேக்கறாருங்க அக்கா, எப்படி மாட்டேன்னு சொல்றதுங்க?” என்றாள்.

ஒரு நாள் முருகேசன் மையத்துக்கு வந்தார். அதுவரை அவர் உள்ளே வந்ததில்லை. சைக்கிளை வெளியிலேயே வைத்துக்கொண்டு நிற்பவர். நேராக என் மேஜைக்கு வந்து, கலா இல்லையே என்று பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

“அக்கா, அவ அடுப்பு பத்த வெக்க மாட்டேங்கறாங்க.”

எனக்குப் புரியவில்லை. சண்டையா என்று கேட்டேன்.

“சண்டையெல்லாம் இல்லீங்க. தீக்குச்சிய எடுக்கறா. நிக்கறா. அப்படியே வெச்சிட்டு வெளிய போயி உக்காந்துக்கறா. நாந்தான் ஆக்கறேன். அதப் பத்தி ஒண்ணுமில்லீங்க. புள்ளையோட பாவாட, சட்டை, நைலான் துணி அத்தனையும் மூட்ட கட்டி யாருக்கோ குடுத்திட்டா. ராத்திரியில புள்ளைய மோந்து மோந்து பாக்கறாங்க அக்கா. மண்ணெண்ண வாசம் வருதுங்கறா.”

அவர் அழவில்லை. கம்பி கட்டிக் காய்த்துப்போன கையால் என் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். “யார்கிட்டச் சொல்றதுன்னு தெரியலீங்க, அதான் இங்க வந்தேன்” என்றார்.

அன்றைக்கே நான் ஸாரிடம் போனேன். கலாவைக் கொஞ்ச காலம் வார்டுக்கு அனுப்பாதீர்கள், பார்வையாளர்கள் முன்னால் நிறுத்தாதீர்கள், மனநல டாக்டர் ஒருவரிடம் காட்டுவோம் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: “மனநல டாக்டரா? அவளுக்கு என்னம்மா ஆயிற்று? அடிபட்டது அந்தப் பெண்கள். வெந்தது அந்தப் பெண்கள். இவள் அவர்கள் சொன்னதைச் சொல்கிறாள், அவ்வளவுதானே? இந்த மாதிரி இடத்துக்குச் சேவை மனப்பான்மை வேண்டும். அது குறையும்போதுதான் இதெல்லாம் வரும்.”

பிள்ளைகளே, இந்தப் பதிலை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். வார்த்தை வேறாக இருக்கும், ஆனால் உங்கள் காலத்திலும் இது வரும். ஒருத்தி உடைந்துபோனால் அவளை உடைத்த வேலையைப் பார்க்க மாட்டார்கள். அவள் மனதில் என்ன குறை என்று தேடுவார்கள்.

ஸார் ஒரேயடியாகக் கை விரித்துவிடவில்லை. அதுதான் இன்னும் மோசம். எல்லோருமாக மேல்கோட்டைக்கு ஒரு நாள் போய் வாருங்கள், மனசு லேசாகிவிடும் என்று பஸ்ஸில் அனுப்பிவைத்தார். போனோம். மலையேறினோம், சாமி கும்பிட்டோம், புளியோதரை சாப்பிட்டோம். குளத்துப் படியில் உட்கார்ந்திருந்தபோது ஒரு குரங்கு எங்கள் ஷைலஜாவின் செருப்பைத் தூக்கிக்கொண்டு ஓடியது. ஷைலஜா கன்னடப் பெண்களுக்கான ஆலோசகர், கொஞ்சம் கனத்த உடம்பு. ஒற்றைச் செருப்போடு குரங்குக்குப் பின்னால் “கொடோ, கொடோ” என்று கத்திக்கொண்டே அவள் ஓடியதைப் பார்த்து, கலா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பல மாதம் கழித்து நான் கேட்ட சிரிப்பு.

யாரோ அதை ஸாரிடம் சொல்லியிருக்கிறார்கள். மறுநாள் காலை அவர் மகிழ்ச்சியாக, “பார்த்தாயா, கலா சரியாகிவிட்டாள்” என்றார். அன்று மதியமே அவளை வார்டுக்கு அனுப்பினார். குரங்கைப் பார்த்து ஒருமுறை சிரித்ததை மருந்து வேலை செய்ததற்கு அடையாளமாக எடுத்துக்கொண்ட அந்தப் படிப்பை என்னவென்று சொல்வது?

அன்றிலிருந்து நான் ஒன்று மட்டும் செய்தேன். கலா வார்டுக்குப் போகும்போதெல்லாம் நானும் கூடப் போனேன். அனுமதி கேட்கவில்லை.

அப்படிக் கூடப் போன ஒரு நாள்தான் செல்வியைப் பார்த்தோம்.

செல்வி சித்தாள் வேலை செய்பவள், தர்மபுரிப் பக்கம். ஷெட்டில் சமைக்கும்போது நெருப்புப் பிடித்ததாகச் சொல்லிக் கொண்டுவந்திருந்தார்கள். பம்ப் அடிக்கும் மண்ணெண்ணெய் ஸ்டவ் வெடித்தது என்று கணவன் சொல்கிறான். அவன் குடிப்பவன், தினமும் சண்டை, அவன்தான் கொளுத்தியிருப்பான் என்று மேஸ்திரியும் பக்கத்து ஷெட்காரர்களும் சொல்கிறார்கள். ஸ்டவ் வெடித்தது என்ற கதையை நாங்கள் எத்தனை முறை கேட்டிருப்போம்! பெரும்பாலும் அது பொய்யாகவே இருக்கும். கணவன் வராந்தாவில் சுவரோரமாகக் குந்தியிருந்தான். பக்கத்தில் ஒரு கான்ஸ்டபிள். அவனைக் கடந்து உள்ளே போகும்போது கலா அவன் பக்கம் திரும்பக்கூட இல்லை.

கட்டிலைச் சுற்றித் தடுப்புத் துணி இழுத்திருந்தார்கள். டாக்டர் பார்த்து, நினைவு தெளிவாக இருக்கிறது, பேசலாம் என்றார். தாசில்தார் நாற்காலியில் உட்கார்ந்து பேனாவைத் திறந்தார். வார்டு சிஸ்டர் தலைமாட்டில் நின்றார். என்ன நடந்தது என்று கேளுங்கள் என்றார் தாசில்தார்.

கலா குனிந்தாள். “கண்ணு, என்ன ஆச்சு சொல்லு. பயப்படாத, அவங்க யாரும் இங்க இல்ல.”

செல்வி உதட்டை அசைத்தாள். “பம்ப் அடிச்சேன்... குப்புனு...” குரல் நின்றுவிட்டது. “தண்ணி” என்றாள்.

சிஸ்டர் பஞ்சால் உதட்டை நனைத்தார். அதற்குள் கலா நிமிர்ந்து தாசில்தாரைப் பார்த்துத் தெளிவான கன்னடத்தில் பேச ஆரம்பித்தாள். “நான் சமைத்துக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து என் தலையில் மண்ணெண்ணெய் ஊற்றினார். நான் வெளியே ஓடப் பார்த்தேன். கதவை வெளியிலிருந்து தாழ்ப்பாள் போட்டுவிட்டார்.”

தாசில்தார் எழுத ஆரம்பித்தார்.

அந்த வாக்கியங்கள் எனக்குத் தெரியும். சில வாரங்களுக்கு முன்னால், இரண்டு கட்டில் தள்ளி, வேறொரு பெண் சொன்னவை. ஒரு சொல் மாறவில்லை. அவள் இறந்துவிட்டாள். அவள் பேச்சைத்தான் கலா பார்வையாளர்கள் முன்னால் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தாள். கலா முகத்தைப் பார்த்தேன். அதில் சூது இல்லை. பொய் சொல்கிறவள் கண் அலையும். இவள் கண் அசையவே இல்லை. செல்வி அப்படித்தான் சொன்னாள் என்று அவள் முழுமையாக நம்பினாள். அவள் காதில் அதுதான் விழுந்திருந்தது.

இப்போது நான் என்ன செய்வது? யோசிக்க நேரமில்லை, பேனா ஓடிக்கொண்டிருக்கிறது. வாயைத் திறந்தால், குழப்பம் என்று சொல்லித் தாசில்தார் எழுந்து போய்விடலாம். செல்வி இன்னும் எவ்வளவு நேரம் பேசுவாள் என்று யாருக்கும் தெரியாது. ஒருவேளை கணவன்தான் செய்திருந்தால், நான் அவனைக் காப்பாற்றியவள் ஆவேன். கலாவின் வேலை அந்த நிமிஷத்தோடு போகும். திறக்காவிட்டால், யாரோ ஒருத்தி யாரையோ பற்றிச் சொன்ன வார்த்தைக்கு வராந்தாவில் குந்தியிருப்பவன் தூக்குக்குப் போகலாம். அவன் நல்லவனா கெட்டவனா என்பதா அங்கே கேள்வி? செல்வி என்ன சொன்னாள் என்பதுதானே கேள்வி?

“ஸார், நிறுத்துங்க” என்றேன். “அது இவங்க சொன்னது இல்லை.”

பேனா நின்றது. “என்னம்மா, விளையாடுகிறீர்களா?” என்றார் தாசில்தார். தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்ற போலீஸ்காரர் ஏதோ முணுமுணுத்தார். கலா என்னைத் திரும்பிப் பார்த்தாள், நான் அவளை அறைந்துவிட்டதைப் போல.

“அவங்க பம்ப் அடிச்சேன்னு மட்டும்தான் சொன்னாங்க ஸார். மீதி அவங்க சொல்லலை. தயவுசெய்து முதலிலிருந்து கேளுங்க. நான் சொல்றேன்.”

சிஸ்டர் கலாவின் தோளில் கை வைத்து, அணைத்தபடி வெளியே கூட்டிக்கொண்டு போனார். தாசில்தார் என்னை மேலும் கீழும் பார்த்தார். அப்புறம் எழுதியதை அடித்தார். அந்த மனிதருக்கு நான் இன்றைக்கும் நன்றி சொல்வேன்.

முதலிலிருந்து கேட்டோம். செல்வி விட்டு விட்டுச் சொன்னாள். “பம்ப் அடிச்சேன். வெடிச்சிருச்சு. சேலையில புடிச்சிருச்சு. அவருதான் சிமெண்ட் சாக்கப் போட்டு அமுக்குனாரு.” டாக்டர் விடவில்லை. யாராவது உன்னை இப்படிச் சொல்லச் சொன்னார்களா, பயமுறுத்தினார்களா என்று கேட்கச் சொன்னார். கேட்டேன். அவள் இல்லையென்று தலையை அசைத்தாள். கேள்வியை வேறு மாதிரி மாற்றிப் போட்டும் கேட்டோம். அதே பதில்தான். கடைசியில் அவளே என்னைக் கேட்டாள்: “அவரு கை வெந்திருச்சு. மருந்து போட்டாங்களா?”

வெளியே வந்து பார்த்தேன். வராந்தாவில் அவன் இன்னும் குந்தியிருந்தான். இரண்டு கையையும் முழங்காலுக்கு மேல் தூக்கி வைத்திருந்தான். உள்ளங்கைத் தோல் கழன்று தொங்கியது. அதுவரை யாரும் அவன் கையைப் பார்க்கவில்லை. நாங்களும்தான்.

செல்வி பிழைத்தாள். கழுத்தைத் திருப்ப முடியாது, ஆனாலும் பிழைத்தாள். அவள் கணவன் குடிப்பதை விட்டானா என்று எனக்குத் தெரியாது. அது வேறு விஷயம்.

கலா சிஸ்டரின் அறையில் உட்கார்ந்திருந்தாள். “அக்கா, நா என்னுங்க சொன்னேன்?” என்று கேட்டாள். சொன்னேன். அவள் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அது ஜெயந்தி சொன்னதுங்க அக்கா. ஜெயந்தி செத்துப் போயிருச்சே. அப்ப இன்னைக்கு எனக்குச் சொன்னது யாருங்க?”

சிஸ்டர் கேரளத்துக்காரர், எல்லா மொழியும் கலந்து பேசுவார். கலா கையில் டீயைக் கொடுத்து, “குடி மோளே” என்றார். பிறகு கோபத்தோடு என் பக்கம் திரும்பினார். “இவளை இத்தன காலம் மாத்தாம விட்டது யாரு? என்னோட நர்ஸ் பிள்ளைங்களை ஒரு மாசத்துக்கு மேல நான் இந்த வார்டுல விடமாட்டேன். மாத்திடுவேன். மேல இருந்து சத்தம் போடுவாங்க. போடட்டும். வெந்தவங்களைப் பாக்கறதுக்கு வேகாத ஆளு வேணும், இல்லையா?”

அவர் பெயரை நான் கேட்டுக்கொள்ளவே இல்லை. எல்லோருக்கும் அவர் சிஸ்டர். இந்தத் தொழிலில் எனக்குக் கிடைத்த பாடங்களில் பெரியது அந்தக் கடைசிக் கேள்விதான்.

விஷயம் மையத்துக்குப் போனது. கமிட்டி கூடியது. கலாவை உடனே நீக்க வேண்டும், பொய் வாக்குமூலம் கொடுக்கப் பார்த்திருக்கிறாள், மையத்தின் பெயர் கெட்டுவிட்டது என்றார்கள். நான் எழுந்து நின்றேன். முன்கூட்டி எதையும் யோசித்து வைத்துக்கொள்ளவில்லை.

“பொய்யா? அவளை அந்தக் கட்டில்களுக்கு நடுவில் நிற்க வைத்து, ‘நான் எரிந்தேன், நான் எரிந்தேன்’ என்று வருஷக்கணக்கில் சொல்ல வைத்தது யார்? அது போதாதென்று இந்த அறையில் டீக்கும் பிஸ்கட்டுக்கும் முன்னால் மறுபடி சொல்ல வைத்தது யார்? அவள் கணவர் அடுப்பு பற்ற வைக்கவில்லை என்று வந்து சொன்னாரே, நான் வந்து சொன்னேனே, அன்றைக்கு அது உங்களுக்குச் சின்ன விஷயம். இன்றைக்கு மையத்தின் பெயர் கெட்டதும் பெரிய விஷயமாகிவிட்டது. ஒரு நிரபராதியைத் தூக்கில் போட்டிருப்போம் ஸார். கலா போட்டிருக்க மாட்டாள். நாம் போட்டிருப்போம்.”

இனிமேல் யாரும் தனியாக வார்டுக்குப் போக மாட்டோம், ஒருவரே தொடர்ந்து போக மாட்டோம், கலாவைச் சிகிச்சைக்கு அனுப்பும் வரை வார்டு வேலைக்கே வர மாட்டோம் என்றேன். ஷைலஜாவும் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

ஸார் குரலை உயர்த்தவில்லை. வருத்தமாகத்தான் கேட்டார். “அப்படியென்றால் அந்தப் பெண்கள் யாரிடம் பேசுவார்கள்? சொல்ல வாயில்லாமல் செத்துப் போகட்டுமா? உன் மனசாட்சிக்கு அது சரியா?”

அந்தக் கேள்வி என்னை அடித்துப் போட்டது. அவரிடம் இருந்த பெரிய ஆயுதம் அதுதான். நம் எல்லோரையும் இந்த வேலையில் கட்டிப்போட்டிருப்பதும் அதுதான். அன்று வீட்டுக்கு நடந்தே போனேன். போகும் வழியில்தான் புத்தியில் உறைத்தது. வார்டு வேலையை ஏன் நிறுத்த வேண்டும்? வார்டில் கிடக்கும் பெண்கள் நமக்கு என்ன செய்தார்கள்? நிறுத்த வேண்டியது வேறு.

மறுநாள் சிஸ்டரைப் போய்ப் பார்த்தேன். எங்களை நேராகக் கூப்பிடுங்கள், வருகிறோம் என்றேன். அவர் சரி என்றார். நானும் ஷைலஜாவும் சேர்ந்தே போனோம். நான் பேசுவேன். தமிழ் தெரியாவிட்டாலும் அவள் என் பக்கத்திலேயே நிற்பாள். முடித்து வெளியே வந்ததும் எதிரில் இருந்த டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, நான் வாயில் சொன்ன அத்தனையையும் ‘அவள்’ என்று மாற்றி ஷைலஜாவிடம் சொல்லிக் கொட்டுவேன். ‘அவளைத் தள்ளினார்கள். அவள் கத்தினாள்.’ அந்த ‘அவள்’ வந்த பிறகுதான் எனக்கு மூச்சு வரும். யாரும் சொல்லிக் கொடுத்ததல்ல. இரண்டாம் நாள் தானாக வந்தது. நீங்களும் செய்து பாருங்கள்.

நாங்கள் நிறுத்தியது பார்வையாளர் காட்சியை.

அதற்கு முன்னால் ஒரு கூத்து நடந்தது. எங்கள் கோபத்தைத் தணிக்க, பெங்களூரிலிருந்து ஒருவரை வரவழைத்து மனவலிமை வகுப்பு நடத்தினார்கள். அவர் எங்களைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். ஆற்றங்கரையில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள், கவலைகள் இலை மாதிரி மிதந்து போகின்றன என்றார். ஷைலஜா கண்ணை மூடியபடியே கேட்டாள்: “ஆற்றங்கரையில்தான் இருக்கிறேன் ஸார். சாயங்காலம் வார்டில் எங்களை மாற்றிவிட யார் வருவது? அதைச் சொல்லுங்கள்.” மூச்சுப் பயிற்சியைக் கேலி செய்கிறேன் என்று நினைக்காதீர்கள். மூச்சு விடுவது நல்லதுதான். நெஞ்சின் மேல் கல்லை வைத்துவிட்டு மூச்சுப் பயிற்சி சொல்லித் தருகிறார்களே, அதைத்தான் சொல்கிறேன்.

பார்வையாளர்கள் வந்தார்கள். ஸார் வழக்கம்போல் அறையில் உட்கார வைத்து, என்னைக் கூப்பிட்டார். கலா இல்லையே, நீ சொல்லம்மா என்றார். நான் நடுவில் போய் நின்றேன்.

“ஒரு பெண்ணின் கதை சொல்கிறேன்” என்று கன்னடத்தில் ஆரம்பித்தேன். வந்தவர்களில் பாதிப் பேருக்குக் கன்னடம் புரியும். “அவளுக்கு ஒரு மகள். அவள் கணவர் கம்பி கட்டுகிறவர். அவளால் அடுப்புப் பற்ற வைக்க முடியவில்லை. தன் மகளின் தலையை மோந்து பார்க்கிறாள்.” அப்படியே சொல்லிக்கொண்டு போனேன். எந்தக் கொடுமைக்காரக் கணவன் என்று அவர்கள் காத்திருந்தார்கள். கடைசியில், “அவள் இந்த மையத்தில் வேலை பார்த்தவள். நீங்கள் வரும்போதெல்லாம் இதே இடத்தில் நின்று பேசினவள்” என்றேன்.

ஸார் மொழிபெயர்க்கவில்லை. பக்கத்திலிருந்த ஒரு அம்மாள் மற்றவர்களுக்கு மெதுவாகச் சொன்னார். அப்புறம் ஸாரைப் பார்த்து, “அவருக்கு நீங்கள் என்ன செய்தீர்கள்?” என்று கேட்டார். ஸார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அந்த மாதத்துக்குள் எல்லாம் மாறியது. இருவராகப் போகலாம் என்றார்கள். முறை மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். தமிழ் பேச இன்னும் இரண்டு பெண்களை எடுத்தார்கள். கலாவை நீக்கும் பேச்சு நின்றது. விடுப்பும் டாக்டரும் கிடைத்தன. நான் அதற்காக யாருக்கும் நன்றி சொல்லவில்லை. முருகேசன் வந்து மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றபோது கேட்காத காது, வெளியூர்க்காரர் ஒரு கேள்வி கேட்டதும் கேட்டதே! இன்று உங்களுக்கு இருக்கும் முறை மாற்றமும் ஓய்வும் யாருடைய கருணையிலும் வந்ததல்ல. ஒருத்தி உடைந்த பிறகு, ஒருவன் தூக்குக்குப் பக்கம் வரை போன பிறகு, வெட்கப்பட வைத்து வாங்கியது. அதை ஆள் போதவில்லை, அவசரம் என்று சொல்லி ஒவ்வொன்றாகப் பிடுங்க வருவார்கள். விடாதீர்கள்.

கலா அந்த வேலைக்குத் திரும்பவில்லை. சிகிச்சை நீண்ட நாள் நடந்தது. முருகேசன் அவளை ஒரு வார்த்தை சொல்லாமல் சமைத்துப் போட்டார். அந்த மனிதரைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். தேறிய பிறகு செடி வளர்த்து விற்கும் ஒரு நர்சரியில் வேலைக்குச் சேர்ந்தாள். நல்ல கை. அவள் வைத்தால் காய்ந்த குச்சியும் துளிர்க்கும்.

பல ஆண்டுகள் கழித்து ஸார் இறந்துபோனார். மையத்தில் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். கலா வந்திருந்தாள், நான் எதிர்பார்க்கவில்லை. கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். எல்லோரும் அவருடைய எளிமை, அன்பு, சேவை என்று பேசினார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. பாதியில் எழுந்து வெளியே வந்தேன். அவளும் பின்னாலேயே வந்தாள்.

“எப்படி உன்னால இதையெல்லாம் உக்காந்து கேக்க முடியுது?” என்று நான் அவளிடம் கத்தினேன்.

“அவரு நல்லவருதாங்க அக்கா” என்றாள். “கெட்டவரா இருந்திருந்தா நா மொத வாரமே ஓடியாந்திருப்பேன். நல்லவங்ககிட்டத்தானுங்க நமக்கு முடியாதுன்னு சொல்ல வாய் வர்றதில்ல.”

பிள்ளைகளே, உங்களை அந்த வார்டுக்கு அனுப்புகிறவர்கள் பெரும்பாலும் நல்லவர்களாகவே இருப்பார்கள். வாயைத் திறந்து சொல்லுங்கள்.